கோடரி யாருடைய கையில்? – பெர்லின் கோர்க்கி அரங்கின் ஒரு தொடக்க நாளை முன்வைத்து

1

ஓர் அரங்கின் புதிய தலைவர் தன் முதல் நாள் ஆற்றுகைக்கு எந்த நாடகத்தைத் தெரிவுசெய்கிறார் என்பது வெறும் நிகழ்ச்சிநிரல் விவகாரம் அல்ல. அது அவருடைய கொள்கை அறிக்கை. ஜேர்மனியில் இது இன்னும் பாரதூரமான விடயம். இங்குள்ள அரச அரங்குகளின் தலைவரை 'இன்ரென்டன்ற்' என்பார்கள். என்ன நாடகம், எந்த நெறியாளர், எந்த நடிகர் என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கும் பொறுப்பு அவருடையது. தலைவர் மாறும்போது பழைய நாடகங்கள் பெரும்பாலும் மேடையிலிருந்து இறக்கப்படும்; நடிகர்கள் பலர் வெளியேற நேரும். ஆகவே அந்த முதல் நாளில் மண்டபத்தில் இருப்பவர்கள் ஒரு நாடகத்தை மட்டும் பார்ப்பதில்லை. இனி இந்த வீடு யாருக்கு என்ற கேள்விக்கான முதற் பதிலையும் பார்க்கிறார்கள்.

2013 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, பெர்லின் மக்ஸிம் கோர்க்கி அரங்கில் அப்படியொரு நாள். துருக்கியில் பிறந்த ஷெர்மின் லாங்ஹோஃப், யென்ஸ் ஹில்யவுடன் இணைந்து அதன் தலைமையை ஏற்றிருந்தார். துருக்கிய வம்சாவளியினர் ஒருவர் ஜேர்மன் அரச அரங்கொன்றின் தலைமைக்கு வந்தது அதுவே முதல் தடவை. தொடக்க நாடகமாக அவர் தெரிந்தெடுத்தது செக்கோவின் 'செர்ரிப் பழத்தோட்டம்'. நெறியாள்கை நூர்கான் எர்புலாட்.

அன்றிரவு நான் அங்கு இருக்கவில்லை. எனக்கு இரவு வேலை. கார்களுக்கான றப்பர் வளையங்களை வார்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சில வாரங்கள் கழித்து, பகல் வேலைக்கு மாறிய ஒரு கிழமையில்தான் அந்த ஆற்றுகையைப் பார்க்கக் கிடைத்தது. முதல் நாள் விமர்சனங்களை எழுதியவர்கள் அழைப்பிதழோடு போனவர்கள். இது அழைக்கப்படாத ஒருவனின், பல வருடங்கள் பிந்திய விமர்சனம். பிந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாடகத்தை நான் பிழையாக விளங்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

2

முதலில் அந்த வீட்டைப் பற்றி. கோர்க்கி அரங்கு பெர்லினின் அரச நாடக அரங்குகளில் மிகச் சிறியது. ஏறத்தாழ 440 இருக்கைகள். ஆனால் கட்டடம் பழையது. 'ஸிங் அக்கடமி' என்ற இசைச் சங்கத்துக்காக 1827இல் திறக்கப்பட்டது. 1829 மார்ச்சில் இருபது வயது மென்டெல்சோன், மறக்கப்பட்டுக் கிடந்த பாஹ்வின் மத்தேயு பாடுகளை மீள அரங்கேற்றியது இங்கேதான். ஜேர்மன் இசையின் பெருஞ்செல்வம் என்று இன்று கொண்டாடப்படும் ஒன்றை மீட்டுக் கொடுத்தவர் ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். 1848 புரட்சியின்போது பிரஷ்யத் தேசிய சபை கூடியதும் இந்த மண்டபத்தில்தான். யுத்தத்தில் சிதைந்த கட்டடம் 1952இல் கிழக்கு ஜேர்மனியின் அரங்காக, ரஷ்ய எழுத்தாளரின் பெயரோடு மறுபடி திறந்தது. சுவர் விழுவதற்கு ஒரு வருடம் முன்பு, 1988இல், ஃபோல்க்கர் பிறௌனின் 'மாறுநிலைச் சமூகம்' இங்கு மேடையேறியது. செக்கோவின் 'மூன்று சகோதரிகள்' நாடகத்தின் மேல் எழுதப்பட்ட நாடகம் அது. முடியப்போகும் ஓர் ஒழுங்கைப் பற்றிப் பேசுவதற்கு இந்த வீட்டில் செக்கோவை அழைப்பது ஏற்கனவே வழக்கமாக இருந்தது.

1988 நாடகத்தை நெறிப்படுத்தியவர் தோமஸ் லாங்ஹோஃப். ஷெர்மினின் கணவர் அவருடைய மகன். தோமஸின் தந்தை வொல்ஃப்காங் லாங்ஹோஃப், 1933இல் நாஸிகளின் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, விடுதலையான பின் சுவிற்சர்லாந்துக்குத் தப்பியோடி, சூரிச் அரங்கில் நடித்துக் காலங்கழித்து, யுத்தம் முடிந்தபின் திரும்பிவந்து பெர்லினின் 'டொய்ச்சஸ் தியேட்டர்' அரங்குக்குத் தலைவரானவர். ஷெர்மின் பெற்ற குடும்பப் பெயரே ஓர் அகதியினுடையதுதான். ஆனால் அவருடைய சொந்தப் பாதை வேறு. 1969இல் பூர்சாவில் பிறந்து, தாய் வேலைசெய்துகொண்டிருந்த நூர்ன்பேர்க் நகருக்கு ஒன்பது வயதில் வந்தவர். 2008இல் குறொய்ஸ்பேர்க்கில் 'பால்ஹவுஸ் நௌனின்ஸ்ட்ராஸ' என்ற சிறிய அரங்கைத் திறந்து, 'போஸ்ற்மிக்ராண்டிஷ்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். குடிபெயர்வுக்குப் பிந்தியது என்று அதைச் சொல்லலாம். தாய்தகப்பன் வந்த கதையோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் இந்த நாட்டை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்கும் அரங்கு அது. எர்புலாட்டும் ஹில்யவும் சேர்ந்து எழுதிய 'பைத்தியக்கார இரத்தம்' 2010இல் அங்கிருந்துதான் புறப்பட்டது. வகுப்பறையில் ஓர் ஆசிரியை கையில் துப்பாக்கி கிடைத்துவிடுகிறது; புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை அவர் துப்பாக்கி முனையில் ஷில்லரை நடிக்கவைக்கிறார். ஒருகாலத்தில் விரிவுரையாளனாக இருந்தவன் என்ற முறையில் அந்த ஆசிரியையை என்னால் இலகுவில் மறக்க முடியவில்லை.

3

குறொய்ஸ்பேர்க்கிலிருந்து கோர்க்கிக்கு ஒருசில கிலோமீற்றர் தூரந்தான். ஆனால் அது மூலைக் கடையிலிருந்து அரச வீதிக்குப் போகும் தூரம். போனவர் தன் முதல் நாளில் மேடையேற்றியது, ஒரு வீடு கைமாறும் கதையை.

கதை தெரிந்ததுதான். கடனில் மூழ்கிய பிரபுக் குடும்பம். பாரிஸிலிருந்து திரும்பிவரும் ரனேவ்ஸ்கயா. பேச்சில் மட்டும் வல்லவரான அவளது அண்ணன் காயெவ். அந்த வளவில் பண்ணையடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த வியாபாரி லொபாஹின். தோட்டத்தைத் துண்டுபோட்டுக் கோடைகால வீடுகளுக்குக் குத்தகைக்கு விட்டால் கடன் தீரும் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவர்கள் கேட்கவில்லை. ஓகஸ்ட் மாத ஏலத்தில் அவனே வாங்குகிறான். தன் தந்தையும் பாட்டனும் குசினிக்குள்ளேகூட விடப்படாத வீட்டை. இறுதியில் கோடரிச் சத்தம்.

1904 ஜனவரியில் மொஸ்கோவில் இது முதன்முதலாக மேடையேறியபோது, இது ஒரு பகிடி நாடகம் என்றார் செக்கோவ். ஸ்ரனிஸ்லவ்ஸ்கி அதைச் சோக நாடகமாக்கினார். லொபாஹினாக ஸ்ரனிஸ்லவ்ஸ்கியே நடிக்கவேண்டும் என்பது செக்கோவின் விருப்பம். அவரோ காயெவ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். இதை வெறும் பாத்திரத் தெரிவாக நான் பார்க்கவில்லை. படித்தவர்களுக்கு எப்போதும் வாங்குபவனைவிட இழப்பவனையே பிடிக்கிறது. அதே வருடம் ஜூலையில் செக்கோவ் இறந்துபோனார், இந்த ஜேர்மனியில், பாடன்வைலர் என்ற ஊரில்.

எர்புலாட் லொபாஹினாக நிறுத்தியது தானெர் ஷாஹின்ற்யூர்க் என்ற நடிகரை. ரனேவ்ஸ்கயாவாக ரூத் றைனெக்க, கிழக்கு ஜேர்மன் காலந்தொட்டே கோர்க்கி அரங்கின் நடிகையாக இருந்தவர். இந்தப் பாத்திரப் பங்கீடே அன்றைய ஆற்றுகையின் வாதம். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது 1861இல். மேற்கு ஜேர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது 1961 ஒக்ரோபரில். அடிமையின் பேரன் வீட்டை வாங்குகிறான். விருந்தாளித் தொழிலாளியின் பிள்ளை அரங்கைப் பொறுப்பேற்கிறாள். கணக்குச் சரியாக வருகிறது.

அளவுக்கு மிஞ்சிச் சரியாக வருகிறது என்பதே எனது முதல் முறைப்பாடு. துருக்கியத் தொழிலாளர்கள் பண்ணையடிமைகளாக இருந்தவர்கள் அல்லர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வந்தவர்கள். 1973 ஓகஸ்டில் கேல்ன் நகரின் ஃபோர்ட் தொழிற்சாலையில், தொழிற்சங்கத் தலைமையின் ஆதரவின்றியே வேலைநிறுத்தம் செய்தவர்கள். அவர்களை லொபாஹினின் பாட்டனோடு சமப்படுத்தும்போது அந்தப் போராட்ட வரலாறு மறைந்துபோகிறது. மறுபக்கமும் அப்படித்தான். மேடையில் வீட்டை இழக்கும் ரூத் றைனெக்க மேற்கு ஜேர்மன் முதலாளி வர்க்கத்தின் பிரதிநிதி அல்ல. 1990இல் நாட்டையே இழந்துபோன ஒரு சமூகத்தின் நடிகை. உண்மையான காணிச் சொந்தக்காரர் மேடையில் இல்லவே இல்லை. வந்தவனும் இழந்தவளும் ஒரு வீட்டுக்காக எதிரெதிரே நிற்கிறார்கள். வீட்டின் உறுதி வேறெங்கோ ஓர் அலுமாரியில் இருக்கிறது. இதை அந்த ஆற்றுகை உணர்ந்தே செய்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், இந்தத் தெரிவு துணிச்சலானது என்றே சொல்வேன். வெற்றி விழாவாகக் கொண்டாடியிருக்கக்கூடிய ஒரு நாளில், வென்றவனின் தவிப்பைப் பற்றிய நாடகத்தைப் போட்டிருக்கிறார்கள். வாங்கிய கையோடு துள்ளிக்குதிக்கும் லொபாஹின், அடுத்த கணமே இந்த அலங்கோலமான வாழ்க்கை எப்போது மாறும் என்று கண்ணீர் விடுகிறான். 'நான் வந்துவிட்டேன்' என்று மட்டும் சொல்லாமல், 'வந்த நான் இதை என்ன செய்வேன்?' என்று பார்வையாளர் முன்னிலையிலேயே ஒரு தலைவர் கேட்பது சாதாரண விடயம் அல்ல.

4

அன்று என்னோடு வந்தவர் எனது வேலைத்தலத்து நண்பர். துருக்கியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'அபி' என்பேன், அவர்களது மொழியில் அண்ணன். அவர் என்னை 'ஹொஜா' என்பார், வாத்தியார். தொழிற்சாலையில் என் பழைய தொழிலை நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நாற்பது வருடம் பெர்லினில் வாழ்ந்தும் 'உன்ரர் டென் லின்டன்' வீதியில் ஓர் அரங்குக்குள் அவர் காலடி வைத்ததில்லை. இரண்டு நுழைவுச்சீட்டுகளையும் நானே எடுத்தேன். ஒரு மணித்தியாலக் கூலியைவிடக் கூடத்தான்.

மேடைக்கு மேலே ஆங்கிலத்தில் வசனங்கள் ஓடின. கோர்க்கியில் அது வழமையாகிவிட்டது. "இது யாருக்கு?" என்று அபி காதுக்குள் கேட்டார். உல்லாசப் பயணிகளுக்கும் ஜேர்மன் தெரியாத இளம் பெர்லின்வாசிகளுக்கும் என்றேன். அவருடைய ஜேர்மன், இயந்திரங்களின் பெயர்களும் மேற்பார்வையாளரின் ஏச்சுகளும் சேர்ந்த ஜேர்மன். செக்கோவின் நீண்ட வசனங்கள் அவருக்குப் பாதிதான் எட்டின. புலம்பெயர்ந்தோரின் கதையைச் சொல்லும் அரங்கு, முதலாவதாக வந்தவர்களின் மொழியை விட்டு, உலகம் சுற்றுபவர்களின் மொழியை மேலே எழுதியது. இதைக் குற்றமாக அல்ல, அவதானமாகப் பதிகிறேன். 'பிந்திய' என்ற முன்னொட்டுக்குள் தாய்தகப்பன்மார் எங்கே என்பது கேட்கப்படவேண்டிய கேள்வி.

நாடகம் முடிந்து ஃபிரீட்ரிஹ்ஸ்ட்ராஸ ரயில் நிலையத்துக்கு நடந்தபோது அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "வாங்கினவன் ஏன் சந்தோஷமாக இல்லை, ஹொஜா?"

நான் வாத்தியார் அல்லவா? வர்க்க மாற்றம், நிலவுடைமையின் வீழ்ச்சி, லொபாஹினின் பிளவுண்ட தன்னிலை என்று ரயில் வரும்வரை விளக்கம் கொடுத்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார். நான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது, நானும் லொபாஹின் என்பதுதான். இந்த நாட்டில் பின்கதவால் வந்தவன். மேற்பார்வையாளன் நீ என்று விளிக்க, நான் நீங்கள் என்று மறுமொழி சொல்பவன். ஷாஹின்ற்யூர்க் மேடையில் நிமிர்ந்து நின்றபோது என் முதுகும் நிமிர்ந்தது. மண்டபத்தில் இருந்த வேறு எந்தத் தமிழருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

5

2016இல் ஊருக்குப் போனேன். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டையும் வளவையும் பார்க்க ஆளில்லை. சகோதரங்கள் கனடாவிலும் லண்டனிலும். விற்பதென்று முடிவாயிற்று. தரகர் கொண்டுவந்த ஆட்களில் கூடிய விலை சொன்னவர், எங்கள் வளவில் முன்பு பனை சீவியவருடைய பேரன். கட்டட ஒப்பந்தகாரர். நாற்பது வயதிருக்கும். கண்ணியமாகக் கதைத்தார். உறுதி எழுத வந்த நாளில் விறாந்தைப் படியில் ஒரு கணம் நின்று, பிறகுதான் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அந்த ஒரு கணத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் எங்களுக்கு மூக்குப்பேணி. அவருடைய பாட்டனுக்குச் சிரட்டை. ஊற்றிக் கொடுத்தது என் அம்மா. எட்டு வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

நான் ஜேர்மனி திரும்பி மூன்று மாதத்தில் சித்தி தொலைபேசி எடுத்தா. "தம்பி, அவன் கறுத்தக்கொழும்பானைத் தறிச்சுப்போட்டானடா. மேல்வீடு கட்டப்போறானாம்." அப்பா நட்ட மாமரம் அது. எனக்கு நெஞ்சு எரிந்தது. "அவனுக்கு அதின்ரை அருமை என்னெண்டு தெரியும்?" என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு இரவு வேலைக்குப் போனேன். அவன் என்று சொன்னேன். நாற்பது வயது மனிதரை, நான் கேட்ட விலையைச் சதம் குறையாமல் தந்தவரை, என் வாய் அவன் என்றது. பல்கலைக்கழகத்தில் சாதியமும் இலக்கியமும் பற்றி விரிவுரை எடுத்த வாய்.

அன்றிரவு இயந்திரத்தின் முன் நின்றபோதுதான் கோர்க்கி அரங்கு திரும்ப ஞாபகம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து, மரங்களைப் பார்த்துக் கண்கலங்கி, காணி கைமாறியதும் மறுபடி வெளிநாட்டுக்கே போகிறவர் யார்? லொபாஹினா? ரனேவ்ஸ்கயா அல்லவா? அவள் போனதும் பாரிஸுக்குத்தான். நமது ஆட்கள் எத்தனை பேர் அந்த நகரத்திலிருந்து வந்து இதையே செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! போதாக்குறைக்கு, நாடகத்தின் முடிவில் பூட்டிய வீட்டுக்குள் மறக்கப்பட்டுக் கிடக்கும் கிழட்டு வேலைக்காரன் ஃபீர்ஸ். பிள்ளைகள் புலம்பெயர்ந்தபின் தனித்துப்போன முதியவர்களைப் பற்றிக் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'எந்தையும் தாயும்' நாடகத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பூட்டிய வீடு அந்நியமானதல்ல.

பெர்லினில் நான் லொபாஹின். யாழ்ப்பாணத்தில் காயெவ். ஒரே ஆள்தான். அபியின் கேள்விக்கு நான் ரயில் நிலையத்தில் சொன்ன மறுமொழி அதனால்தான் பிழைத்தது. வாங்கியவர் ஏன் சந்தோஷமாக இல்லை? வாங்கிய பின்னரும் விற்றவர்கள் அவரை அவன் என்றே அழைக்கிறார்கள். மரத்தைத் தறித்தால் அருமை தெரியாதவன்; தறிக்காமல் விட்டால் நம்முடைய மரத்தைப் பாதுகாக்கும் காவல்காரன்.

6

நண்பர்கள் சிலருடைய மறுப்பு எனக்குத் தெரியும். கோர்க்கி அரங்கு அரச பணத்தில் நடப்பது. பல்கலாசார ஜேர்மனி தன்னைக் காட்டிக்கொள்ள வைத்திருக்கும் கண்ணாடி அலுமாரி. அதில் ஒரு துருக்கியப் பெண்ணை வைத்தால் என்ன, எடுத்தால் என்ன? இந்த வாதத்தில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அந்த அரங்கின் பிற்காலம் பதில் சொல்கிறது. 2014இலும் மீண்டும் 2016இலும் 'தியேட்டர் ஹொய்ற்ற' சஞ்சிகையின் விமர்சகர்கள் அதை ஆண்டின் சிறந்த அரங்காகத் தெரிந்தனர். விருதைவிட எனக்கு முக்கியமானது, 2016இல் சிரியா, பாலஸ்தீனம், ஆப்கானிஸ்தான் ஆகிய இடங்களிலிருந்து வந்த தொழில்முறை நடிகர்களைக் கொண்டு உருவாக்கிய 'எக்ஸில் குழு'. அகதியைக் கருப்பொருளாக அல்லாமல் சம்பளம் பெறும் கலைஞராக அது உள்ளே எடுத்தது. அலுமாரிக்குள் வைக்கப்பட்டவர் அலுமாரியின் கதவைத் திறந்துவிட்டார்.

ஆனால் 2021இல், லாங்ஹோஃப் அதிகாரத்தைப் பிழையாகப் பயன்படுத்தினார், ஊழியர்களைக் கடுமையாக நடத்தினார் என்ற குற்றச்சாட்டுகள் ஜேர்மன் பத்திரிகைகளில் வெளிவந்தன. அவர் பதவியில் தொடர்ந்தார். உள்ளே நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? விமர்சகனாக ஒன்றை மட்டும் சொல்லலாம். முதல் நாளில் மேடையில் கேட்ட கேள்வி, எட்டு வருடம் கழித்து அலுவலகத்தில் கேட்டது. ஒடுக்கப்பட்டவர் கைக்கு வீடு வந்தால் வீட்டின் ஒழுங்கும் தானாக மாறிவிடும் என்று செக்கோவ் எங்கும் சொல்லவில்லை. எல்லா அதிகாரமும் ஒருவர் கையில் குவியும் 'இன்ரென்டன்ற்' முறை லாங்ஹோஃப் கட்டியது அல்ல. அவர் வாங்கிய வீட்டோடு வந்தது.

2026/27 பருவத்திலிருந்து அந்த இடத்துக்குச் சாலா இல்க் வருவதென அறிவிக்கப்பட்டது. அவருடைய தொடக்க நாளுக்கும் எது மேடையேறுகிறது என்று நாம் பார்க்கவேண்டும்.

அதற்கு முன் நமது மண்டபங்களையும் பார்ப்போம். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கலைக்கழகம் என்று புலம்பெயர்ந்த நாடெங்கும் வருடந்தோறும் புதிய தலைவர்கள் பொறுப்பேற்கிறார்கள். முதல் விழாவில் மங்கல விளக்கு, பொன்னாடை, இரண்டு மணித்தியாலப் பேச்சு. நாடகம் கடைசியில், மண்டபம் பூட்ட அரை மணி இருக்கும்போது. எத்தனை புதிய தலைவர்கள் தம்மையே கேள்விக்குள்ளாக்கும் ஒரு நாடகத்தோடு தொடங்கியிருக்கிறார்கள்? எத்தனை சங்கங்களின் தலைமைக்கு, சிரட்டையில் தேநீர் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்? வந்தால் நாம் பின்வரிசையில் இருந்து அவர்களை எப்படி விளிப்போம்? ஜேர்மன்காரன் நம்மை எப்படி விளிக்கிறான் என்று இந்தப் பக்கங்களில் நிறைய எழுதிவிட்டோம். நானும் எழுதியிருக்கிறேன்.

அபி ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டார். போகமுதல் அவருக்குச் சரியான மறுமொழியைச் சொல்ல முடியவில்லை. கறுத்தக்கொழும்பான் நின்ற இடத்தில் இப்போது மேல்வீடு எழுந்துவிட்டதாம். நல்ல வீடு என்று சித்தி சொல்கிறா. "அவர் நல்லாத்தான் கட்டியிருக்கிறார்" என்று நான் திருத்திச் சொன்னேன். சித்தி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மழையைப் பற்றிக் கதைத்தா.